புது வீட்டுக்குத் தீர்வைச் சலுகை கேட்கலாமா? நெல்லைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பெருமாள்புரம், மகாராஜநகர், தச்சநல்லூர், பேட்டை, வி.எம். சத்திரம் என்று எந்தத் திசையில் போனாலும் புது வீட்டு வேலை நடக்கிறது. பால் காய்ச்சிக் குடியேறியவர்கள் வரி விதிப்புக்கு எழுதிக் கொடுக்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “கைக்காசு எல்லாம் கட்டடத்துல போயிட்டு. புது வீட்டுக்கு ஒரு அஞ்சாறு வருஷம் தீர்வையை விட்டுக்கொடுத்தா என்ன? அமெரிக்காவுல கொடுக்காவளாமே?”

தீர்வை என்று நாம் சொல்வது வீட்டுக்கு மாநகராட்சி போடும் சொத்து வரியை. நியாயமான கேள்வி. அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மாநகராட்சி செலவழித்த ரூபாய்தான். ரோடு போட்ட செலவுக்குக் கணக்குக் கேட்கிற நாம், சலுகைக்கும் அதே கணக்கைக் கேட்க வேண்டும்.

இப்போது நெல்லை மாநகராட்சியில் புது வீட்டுக்கு ஏதாவது வரிவிலக்கு உண்டா?

இல்லை. வீடு முடிந்து குடியேறியதும் வரி விதிப்புக்குள் வந்துவிடும். அதுவரை அந்த மனைக்குக் காலிமனை வரி. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஊக்கத்தொகை மட்டும்தான்: ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-க்குள்ளும், அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கு அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் கழிவு கிடைக்கும். அதிகபட்சம் 5,000 ரூபாய். புது வீட்டுக்காரரும் இதைப் பெறலாம். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தீர்வைப் பணம் எங்கே போகிறது? எல்லாம் சாக்கடைக்கும் விளக்குக்கும்தானா?

பெரும்பகுதி பொதுச் செலவுக்கு: துப்புரவு, தெருவிளக்கு, குடிநீர், வடிகால், ரோடு, சம்பளம். கல்வி வரி என்று ஒரு பங்கும் உண்டு. அதோடு நூலக வரி. சொத்து வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலகத்துக்கென்று வசூலாகிறது. 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் தீர்வை ரசீதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வரியைத் தள்ளுபடி செய்தால் அந்த 10 பைசாவும் சேர்ந்தே போகும். சலுகை பற்றிப் பேசும் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2022-இல் ஒரே அடியாக வரியை ஏற்றினார்களே, அதில் சின்ன வீடு, பெரிய வீடு வித்தியாசம் இருந்ததா?

இருந்தது. சலுகை என்று பார்த்தால் அந்த அட்டவணைதான் இப்போது நம் கையில் இருப்பதில் பெரியது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு உயர்வு இப்படி இருந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடை போன்ற வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

உதாரணமாக, பழைய வரி எல்லா வீட்டுக்கும் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டவுனில் 550 சதுர அடி வீட்டுக்காரருக்கு அது 1,250 ஆனது. 2,000 சதுர அடி வீட்டுக்காரருக்கு 2,000 ஆனது. இந்த ஏணியில் கீழ்ப்படி நம் ஊரின் பழைய தெருக்களில் இருக்கும் சின்ன வீடுகள். புறநகரில் எழும்பும் புது வீடுகள் பெரும்பாலும் மேல்படிகளில் இருக்கின்றன. புது வீடு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விலக்குக் கொடுத்தால் இந்த ஏணி தலைகீழாகும்: மேலப்பாளையத்தில் ஒரு அறையும் அடுப்படியுமாக இருக்கிற பழைய வீடு முழுவரி கட்டும், புறநகரில் மூன்று படுக்கையறைப் புது வீடு ஒன்றும் கட்டாது. இதை எப்படி நியாயம் என்று சொல்ல முடியும்?

முந்தைய பொதுச் சீராய்வு 2008-இல் நடந்தது. 2018-இல் ஏற்றியதை 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். அப்படியே தேங்கியதுதான் 2022-இல் மொத்தமாக வந்து விழுந்தது. அந்த அதிர்ச்சியில் இருந்து பிறந்ததுதான் இந்தச் சலுகைக் கேள்வியே என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

ஊருக்கு ஊர் வேறு. பிலடெல்பியாவைப் பார்ப்போம். இது பற்றிக் கடுமையாக விவாதித்த மாமன்றங்களில் அதுவும் ஒன்று.

1950-இல் அந்த ஊரில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2000-இல் சுமார் 15 லட்சம். ஆலைகள் மூடிப்போய், வீடுகள் காலியாகி, வரி கட்ட ஆளில்லாத நிலை. 1997-இல் பழைய கட்டடங்களை வீடுகளாக மாற்றுவோருக்கு 10 ஆண்டு வரிவிலக்குக் கொடுத்தார்கள். 2000-இல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் அதை விரித்தார்கள். விலக்கு கட்டடத்தின் மதிப்புக்கு மட்டும். மனைக்கு உரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும்.

வீடுகள் எழும்பின. மக்கள்தொகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, 2020-இல் 16 லட்சத்தைத் தொட்டது. விலக்கால்தான் அது நடந்தது என்று கட்டுமானக்காரர்கள் சொன்னார்கள். ஊர் மாறிய காலத்தில் விலக்கும் இருந்தது, அவ்வளவுதான் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். இந்த வாதத்துக்கு முழுத் தீர்ப்பு சொல்வது கடினம், ஏனென்றால் விலக்கே இல்லாத இன்னொரு பிலடெல்பியாவைக் கட்டிப் பார்க்க வழியில்லை.

அப்படியானால் அந்த மாமன்றம் ஏன் அதைத் திரும்ப எடுத்துப் பரிசீலித்தது?

முதல் காரணம் பள்ளிக்கூடம். அந்த ஊரில் அப்போது சொத்து வரியில் 55 சதவீதம் பள்ளி நிர்வாகத்துக்குப் போனது. ஆகவே விலக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலரிலும் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு. பழுதான பள்ளிக் கட்டடங்களில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர் மாமன்றத்தில் வந்து பேசினார்கள்.

இரண்டாவது, யாருக்குப் போகிறது என்பது. வீட்டின் மதிப்பு கூடக்கூட விலக்குத் தொகையும் கூடும். விலை உயர்ந்த வீடுகளுக்கே பெரிய தொகை போனது. பக்கத்திலேயே தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கோ, புது வீடுகள் வந்ததால் தெருவின் மதிப்பு ஏறி, வரியும் ஏறியது. இது எனக்கு நம் ஊர் நிலைமையாகவே தெரிகிறது. பக்கத்து மனை விலை ஏறினால் நம் வீட்டு வழிகாட்டி மதிப்பும் ஏறும், ஆனால் நம் பென்ஷன் ஏறாது.

மூன்றாவது, காலம். சலுகையைத் தொடங்கியபோது இருந்த ஊர் வேறு. இருபது வருஷம் கழித்து, ஆட்கள் தாங்களாகவே கட்டத் தொடங்கிய பிறகும் அதே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2019 டிசம்பரில் மாமன்றம் முடிவெடுத்தது. புதிதாகக் கட்டும் குடியிருப்புக்கு முதல் ஆண்டு 100 சதவீத விலக்கு, அடுத்த ஆண்டு 90, அதற்கடுத்து 80 என்று குறைந்து பத்தாம் ஆண்டில் 10. நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கான விலக்கை அப்படியே விட்டார்கள். புதுக் குடியிருப்புக் கட்டுமானத்தின் மீது 1 சதவீத வரியும் சேர்த்தார்கள்.

ஆண்டுதோறும் 10 சதவீதம் குறைத்தால் அப்படி என்ன மிச்சம் வந்துவிடும்?

நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வண்ணார்பேட்டையில் 100 வீடுள்ள அடுக்குமாடி ஒன்று வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு அரையாண்டு வரி 3,000 ரூபாய். மொத்தம் ஆண்டுக்கு 6 லட்சம். பத்தாண்டு முழுவிலக்குக் கொடுத்தால் மாநகராட்சி இழப்பது 60 லட்சம். படிப்படியாகக் குறைத்தால் 100, 90, 80 என்று 10 வரை கூட்டி வருவது 550. அதாவது ஐந்தரை ஆண்டு வரி. இழப்பு 33 லட்சம். மீதி 27 லட்சம் ஊருக்கு. வரி உயர்வு எதுவும் சேர்க்காத வெறும் கணக்கு இது.

வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது. முழுவிலக்கு முடியும் ஆண்டில் பூஜ்யத்தில் இருந்து முழுவரிக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டியதில்லை. 2022-இல் அப்படி ஒரு தாவலை அனுபவித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

மாற்றம் வரப்போகிறது என்றதும் பிலடெல்பியாவில் கட்டுமானம் நின்றுவிட்டதா?

நடந்தது எதிர்த்திசையில். பழைய விலக்கைப் பிடித்துவிட வேண்டும் என்று 2021-இல் அனுமதிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. சலுகைக்குக் கடைசித் தேதி அறிவிக்கும் எந்த ஊரும் இதை எதிர்பார்க்க வேண்டும்.

மற்ற ஊர்கள்?

சுருக்கமாக: ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லேண்ட் 2022-இலும் சின்சினாட்டி 2023-இலும் தங்கள் சலுகையைத் திருத்தின. வளர்ந்துவிட்ட பகுதிக்குக் குறைவாகவும் பின்தங்கிய பகுதிக்குக் கூடுதலாகவும் என்று ஊரைப் பிரித்துக்கொண்டன. நியூயார்க்கில் 1971-இல் தொடங்கிய விலக்கு 2022 ஜூனில் காலாவதியானது. 2024-இல் வேறு நிபந்தனைகளோடு புதுச் சட்டம் வந்தது. கவனிக்க வேண்டியது, நியூயார்க்கில் இதை முடிவு செய்வது மாநில அரசு. நம் நிலைமையும் அதற்குத்தான் நெருக்கம்.

நெல்லை மாமன்றம் நினைத்தால் தானே இப்படி ஒரு சலுகையை அறிவிக்க முடியுமா?

முடியாது. 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் நம்முடையது. 4 மண்டலம், 55 வார்டு. ஆனால் வரியின் எல்லைகளை வகுப்பது மாநில அரசு. இப்போது பொருந்துவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் கீழ் 2023-இல் வந்த விதிகள். 2022 உயர்விலும் முதலில் அரசாணை, பிறகே மாமன்றத் தீர்மானம். யாருக்கு விலக்கு என்பதையும் சட்டமே சொல்கிறது. வழிபாட்டுத் தலங்கள், சுடுகாடு போன்றவை அதில் வரும். சாதாரணப் புது வீடு வராது. மாமன்றம் செய்யக்கூடியது, தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புவது.

மத்தியில் இருந்தும் கயிறு கட்டுவதுண்டு. 2021-26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு நகரங்களுக்கான மானியத்தோடு ஒரு நிபந்தனையைக் கட்டியது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் கூட வேண்டும். மானியத்தோடு இப்படி நிபந்தனை வரும்போது பெரிய விலக்கு கேட்பது மானியத்தையும் பணயம் வைப்பதாகும்.

நம் நாட்டில் எங்கேயாவது வீட்டு வரியை விலக்கியிருக்கிறார்களா?

மும்பையில் 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரி இல்லை. புதியதா பழையதா என்ற கேள்வியே அதில் இல்லை, சின்ன வீடா என்பது மட்டும்தான் கேள்வி. எனக்கு இது பிலடெல்பியா முறையைவிடப் பிடித்திருக்கிறது. புனேயில் மழைநீர் சேகரிப்பு, சூரிய மின்சாரம் போன்றவற்றை வைத்திருக்கும் வீடுகளுக்கு 5 முதல் 10 சதவீதம் கழிவு. தாமிரபரணி ஓடுகிற ஊராக இருந்தும் கோடையில் குழாயடியில் குடம் வரிசை நிற்கிற நமக்கு, இப்படி ஒரு கழிவு கேட்கத் தகுந்தது.

ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுத்தால் ஊருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

ஒரு வீடு மட்டும் என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் புது வீடு வரும் இடத்தில்தான் மாநகராட்சிக்குப் புதுச் செலவும் வருகிறது. புறநகர் மனைப்பிரிவில் 30 வீடு எழும்பினால் அங்கே குழாய் போக வேண்டும், விளக்கு போட வேண்டும், குப்பை வண்டி போக வேண்டும். அரியநாயகிபுரத்தில் இருந்து தண்ணீரைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அதை அந்தத் தெருவரை கொண்டுசேர்க்க ஆளும் பணமும் வேண்டும்.

இதைவிட எனக்கு வேதனை தருவது கழிவுநீர். பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேரும் வரை, கழிவுநீர் ஓடைகளிலும் கால்வாய்களிலும் இறங்கி ஆற்றில் கலக்கிறது. இது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போன விவகாரம். குறுக்குத்துறையில் குளிக்க இறங்கும் ஆளுக்கு அந்தத் தண்ணீரின் நிறம் தெரியும். ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலும், தெருவில் குழாய் பதித்து வீட்டு இணைப்புக் கொடுத்தால்தான் கழிவு அங்கே போய்ச் சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதி மூழ்கியதைப் பார்த்தவர்களிடம் வடிகாலைப் பற்றி நான் விளக்கவே வேண்டாம். இத்தனை வேலை பாக்கி வைத்திருக்கும் ஊர், இந்த வேலையைக் கூட்டும் வீடுகளிடமே பத்து வருஷம் பணம் வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

சலுகை இருந்தால் இன்னும் நிறையப் பேர் வீடு கட்டுவார்களே?

கணக்குப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மனையும் கட்டடமுமாக 40 லட்சம் ரூபாயில் ஒரு வீடு என்று வைப்போம். ஆண்டுத் தீர்வை 4,000 என்றால் பத்து ஆண்டுக்கு 40,000. வீட்டுச் செலவில் நூற்றில் ஒரு பங்கு. மனை வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மட்டுமே 7 சதவீதம். சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்தது. தாழையூத்தில் சிமென்ட் ஆலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூட்டை விலையைக் கண்டு மலைத்த நமக்கு அந்தக் குறைப்பு உடனே கைக்கு வருகிற நிம்மதி. வீடு கட்டலாமா வேண்டாமா என்பதை மனை விலையும் வங்கி வட்டியும் முடிவு செய்கின்றன. அமெரிக்க ஊர்களில் சொத்து வரி நம்முடையதைவிடப் பல மடங்கு கனமானது. அங்கே விலக்கு ஒருவரின் முடிவை மாற்றலாம். இங்கே மாற்றாது.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?

வீட்டுக்காரர் தன் சலுகையை வாடகையில் குறைப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. வரி ஏறினால் வாடகை ஏறுகிறது; வரி குறைந்து வாடகை குறைந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

அப்போ எந்தச் சலுகையும் வேண்டாம் என்கிறீர்களா, அண்ணாச்சி?

இல்லை. சின்ன வீட்டுக்கு வேண்டும். 600 சதுர அடிக்குள் முதல் வீடு கட்டும் கூலிக்காரருக்கும், பீடி சுற்றிச் சீட்டுப் போட்டுக் கட்டிய வீட்டுக்கும் முதல் சில ஆண்டு குறைப்புக் கொடுக்கலாம் என்று மாமன்றம் தீர்மானம் போட்டால் முதல் ஆளாக ஆதரிப்பேன். ஆனால் தீர்மானத்திலேயே முடியும் தேதி இருக்க வேண்டும். மனைக்கு உரிய பங்கையும் நூலக வரியையும் தொடக் கூடாது. விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு, எந்த வார்டில் எத்தனை வீட்டுக்கு என்பதை ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டோடு சேர்த்து மாமன்றத்தில் வைக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாமன்றத்தின் வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு அதை எடுத்துப் பார்த்து, தொடரலாமா என்று தனியாக வாக்கெடுக்க வேண்டும். பிலடெல்பியாவில் பொதுவான விலக்கு கிட்டத்தட்ட இருபது ஆண்டு தானாக ஓடிய பிறகுதான் குறைக்க முடிந்தது. ஒருவருக்குக் கொடுத்துப் பழகியதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை அங்கே பார்த்துவிட்டோம்.

என் புது வீட்டுக்கு வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என்ன செய்ய?

இதுதான் உடனே பலன் தரக்கூடிய கேள்வி. வரிவிதிப்பு உத்தரவில் எழுதியிருக்கும் பரப்பளவை உங்கள் அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நீங்களே டேப் பிடித்து அளந்தும் பாருங்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு வாடகை வீடாகவோ வணிகக் கட்டடமாகவோ பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெரு எந்த மண்டலத்தில், என்ன அடிப்படை மதிப்பில் வருகிறது என்று கேளுங்கள். மேலே சொன்ன அட்டவணையில் 1,200, 1,800 என்ற எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பத்து சதுர அடி கூட முக்கியம். தவறு தெரிந்தால் மண்டல அலுவலகத்தில் மறு அளவு கேட்டு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அங்கே தீராவிட்டால், மாமன்ற உறுப்பினர்களைக் கொண்ட வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

சுயசான்று முறையில் உடனடி அனுமதி வாங்கிக் கட்டினேன். தீர்வை தானாகவே வந்துவிடுமா?

வராது. 2024 ஜூலையில் வந்த அந்த முறை, நாமே சான்று கொடுத்து ஆன்லைனில் வாங்குவது; 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கான அனுமதி மட்டும். கட்டி முடித்ததும் வரி விதிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சங்கர்நகர், நாரணம்மாள்புரம் பக்கம் கட்டியவர்களுக்கு?

அவை பேரூராட்சிகள். மாநகராட்சி விகிதம் அங்கே பொருந்தாது. அந்தந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பேசுவது? கவுன்சிலரைப் பிடிப்பதே பெரும்பாடு.

வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூடியது. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று மண்டல அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஐந்தாறு குடும்பமாகப் போங்கள், கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், அது கூட்டப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எழுத வேண்டியது மூன்றே கேள்வி: நம் வார்டில் வரி விதிக்காமல் விடுபட்ட கட்டடங்கள் எத்தனை, கடந்த ஆண்டு நம் வார்டில் வசூலான தீர்வை எவ்வளவு, அதில் நம் வார்டுக்குச் செலவழித்தது எவ்வளவு. சலுகை கேட்பதானாலும் எதிர்ப்பதானாலும் இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால்தான் மாமன்றத்தில் பேச்சு எடுபடும்.